இன்கோசியின் புகழ்பாடி யோபே ஷோங்கா

யோபே ஷோங்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பொய்தான் சொன்னான். அதையும் அவன் சொல்லவில்லை. ஊர் சொன்னது, அவன் மறுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் மறுக்காமலே இருந்தான். மறுக்காமல் இருப்பதற்கு மாட்டிறைச்சியில் நல்ல துண்டு கிடைக்கும் என்றால் யார்தான் மறுப்பார்கள்?

ம்சிம்பா பக்கத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும், தன் முப்பாட்டன் ஸ்வாங்கெண்டாபா மன்னரோடு, பட்டப்பகலில் சூரியன் கறுத்த அன்று, ஜாம்பெசி ஆற்றைக் கடந்து வந்தவர் என்று சொல்வார். அதுவும் படையின் முதல் வரிசையில். அந்த முதல் வரிசை எத்தனை மைல் நீளம் இருந்திருக்க வேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை. வழியில் பிடிபட்டவர்கள், மாடுகளோடு சேர்த்து ஓட்டி வரப்பட்டவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் என்ன ஆனார்களோ தெரியாது. ஒருவருக்குக்கூட வாரிசு இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது.

வந்த ங்கோனிகள் ஈட்டியால் நாட்டைப் பிடித்தார்கள். பிடித்த நாட்டிலேயே பெண் கட்டினார்கள். கேடயம் அப்பன் கையில் இருந்தது, தாலாட்டு அம்மா வாயில் இருந்தது. மூன்று தலைமுறையில் ங்கோனி மொழி போய், வீரர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் தோற்றவர்களின் தும்புகா மொழியில் சோறு கேட்டார்கள். மிஞ்சியவை கொஞ்சம்தான்: நன்றி சொல்லும்போது குலப்பெயரைச் சொல்லுவது, பெண்ணுக்கு மாடு கொடுப்பது, விழா நாளில் தோல் உடுத்திப் பாதத்தால் பூமியை அறைவது. மொழி மட்டும் ஒரே ஒரு கிழவரின் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பழைய இன்கோசியின், அதாவது குலத்தலைவரின், புகழ்பாடி. தலைவரும் அவரும் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

புதிய இன்கோசியாக மவெலா பட்டமேற வேண்டும். சிறுத்தைத்தோல் இருந்தது. குண்டுத்தடி இருந்தது. அடிக்கக் காளைகள் இருந்தன. தலைவரின் முன்னால் நின்று அவர் முன்னோரின் பெருமையைப் பழைய மொழியில் முழங்க மட்டும் ஆள் இல்லை. புகழ்பாடி இல்லாமல் பட்டமேறினால் அவர் இன்கோசி இல்லை, தோல் போர்த்திய ஒரு குடும்பஸ்தர், அவ்வளவுதான்.

இந்தக் கவலை அதிகமாகப் பிடித்திருந்தது அப்சலோம் ஜிம்பாவை. ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பண்பாட்டு மீட்புக் குழுவின் செயலாளர். குழுவில் மற்றவர்களும் இருந்தார்கள், கை தூக்குவதற்கு.

அந்த வாரம் ஜிம்பா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். யோபே தன் புகையிலைக் காட்டில் உழுதுகொண்டிருந்தான். முப்பத்தாறு வயது இருக்கும் அப்போது. பத்து வருடம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டி, இருமல், ரேடியோ ஆகியவற்றோடு திரும்பியவன். இடதுபக்கத்து எருது சாலில் படுத்துவிட்டது. யோபே அதன் காதருகே குனிந்து கத்தினான்.

"செசா! செசா! ஹம்பா பன்சி!"

எருது எழுந்தது. ஜிம்பா சைக்கிளிலிருந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"ஷோங்கா, இப்ப என்ன பேசினே?"

"மாட்டை வைஞ்சேங்க ஐயா."

"எந்த மொழியில?"

"அங்க பேசறதுங்க. ஜோனில, சுரங்கத்துல."

"அங்க பேசறது ஜுலு. ஜுலுவும் நம்ம பழைய மொழியும் அண்ணன் தம்பி. இன்னும் தெரியுமா?"

"இது ஜுலு இல்லீங்க ஐயா. அது கொஞ்சம் வேற மாதிரிங்க."

"பழசுன்னா வேற மாதிரிதான்ப்பா இருக்கும்!" என்றார் ஜிம்பா. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "எங்க தாத்தா மாட்டை வையற சத்தம் அப்படியே இருக்கு."

சுரங்கத்தின் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது இனத்து ஆட்களை ஒரே குழிக்குள் இறக்கி வேலை வாங்க வெள்ளைக்காரன் வைத்திருந்த மொழி அது. ஜுலுவிலிருந்து பிய்த்தெடுத்த சொற்கள், இலக்கணம் ஒன்றும் கிடையாது, பாதிக்கு மேல் ஏவல். அதில் காதலிக்க முடியாது, கதை சொல்ல முடியாது. 'எடு, தூக்கு, போ, வா' என்று சொல்லலாம். வையலாம். வைவதற்கு அது மிகவும் வசதி.

யோபேவின் வெள்ளைக்கார மேஸ்திரியை ஆட்கள் செங்கழுத்தன் என்பார்கள். பத்து வருடமும் விடிந்தால் அவன் ஒரே வசவைத்தான் பாடுவான்: எழுந்திரு சோம்பேறி. சீக்கிரம், சீக்கிரம். கீழே போ. மண்வெட்டியைப் பிடி. மேலே கல்லைப் பார். தலையில் தொப்பி எங்கே, கழுதை? நேற்றும் குடித்தாயா? உன்னைத் தின்னவைக்கவா கம்பெனி நடத்துகிறோம்? யோபேவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நீண்ட உரை இது ஒன்றுதான். பட்டமேற்பு நாளில் குரங்குவால் இடுப்பாடை கட்டி, இறகு செருகி, இன்கோசி மவெலாவின் முன்னால் நின்று, அதை ஆதி முதல் அந்தம் வரை முழங்கினான். செங்கழுத்தனின் ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

கூட்டம் சிலிர்த்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இன்கோசி மவெலா நெஞ்சை நிமிர்த்தி, கண்ணைப் பாதி மூடி, "தலையில் தொப்பி எங்கே, கழுதை" என்ற இடத்தில் மெல்லத் தலையசைத்தார்.

இங்கே புத்திசாலி வாசகர் ஒன்று கேட்பார். அந்தக் கூட்டத்தில் யோபே ஒருவன்தானா சுரங்கத்துக்குப் போனவன்? இல்லை. நாற்பது வயது தாண்டிய ஆண்களில் பாதிப்பேர் போனவர்கள். எல்லாருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். விழா முடிந்ததும் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் ஜெசாயா கவுசி யோபேவைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரே குழியில் இருந்தவர்கள்.

"அடப்பாவி ஷோங்கா! செங்கழுத்தன் செத்துட்டான்னு நெனச்சேன். இறகு வெச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கறானே!"

"சத்தம் போடாதடா."

"மண்வெட்டியைப் பிடின்னியே, நான் குனிஞ்சே போயிட்டேன்டா. எம் பக்கத்துல சோகோ, அவனும் குனியறான்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யோபே கேட்டான்: "ஏன்டா, நீ போய்ச் சொல்லிட மாட்டியே?"

கவுசியின் முகம் மாறியது. "சொன்னா எனக்கு எப்படித் தெரியும்னு எம் பொண்டாட்டி கேப்பாளே. நான் அங்க ஸ்டோர் கீப்பருன்னுல்ல சொல்லி வெச்சிருக்கேன். சட்டையில மண்ணு படாத வேலைன்னு."

சோகோ மேனேஜரின் கார் டிரைவர். இன்னொருவன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஜோனியிலிருந்து திரும்பிய ஒருவன்கூட மண்வெட்டி தொட்டவனில்லை. அத்தனை தங்கமும் தானே வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். ஆக, யோபேவின் பொய்க்கு நாற்பது பேர் காவல் இருந்தார்கள், அவரவர் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள.

யோபேவின் மனைவி நியாஹராவிடம் மட்டும் அந்தப் பொய் செல்லுபடியாகவில்லை. ஹரா குலத்துப் பெண், அசல் தும்புகா. மதியத் தூக்கத்தில் புருஷன் அந்தச் சொற்களைப் பிதற்றுவதை அவள் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? ஊருல நெஞ்சத் தட்டிக்கிட்டு பாடறீங்க. தூக்கத்துல அதையே தலையில கையை வெச்சுக்கிட்டு பாடறீங்களே. எந்த ஊர் வீரமொழி அது?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

"தெரியாதுதான். எங்க ஆளுங்கதான் ஆத்தைக் கடக்கலையே, இங்கயே கெடந்தோம். நீங்க கடந்து வந்து எங்ககிட்டதானே சீமாக் களி கிண்டச் சொன்னீங்க."

யோபேவின் வாழ்க்கை இதற்கு மேல் நன்றாகவே போனது. விருந்துகளில் காளையின் நெஞ்சுக்கறி அவனுக்கு. கேழ்வரகு பீரில் இரண்டாவது கலயம் அவனுக்கு. வழியில் பார்த்தவர்கள் "யெவோ, ஷோங்கா" என்று அவன் குலப்பெயரை நன்றியாகச் சொன்னார்கள். அவன் அப்பனுக்கு அப்பனை ஒரு ஷோங்கா வீட்டார் பிடித்து வந்து மாடு மேய்க்க விட்டார்கள் என்பதும், அந்தக் குலப்பெயரே அந்த வீட்டார் போட்டது என்பதும் அவனுக்குத் தெரியும். "யெவோ, ஷோங்கா" என்று கேட்கக் கேட்க அதுவும் மறந்துபோனது.

இன்கோசி மவெலாவின் ஆட்சியும் நன்றாகவே போனது, அவருக்கு. பாலம் இடிந்து நாலு மழைக்காலம் ஆயிற்று. ஆழ்குழாயின் கைப்பிடி உடைந்து கிடந்தது. இன்கோசி பத்து மணிக்கு எழுந்து, வழக்குகளைக் கேட்பதற்காக மரத்தடியில் உட்கார்ந்து, அங்கேயே தூங்குவார். வருடம் ஒருமுறை யோபே அவர் எதிரில் நின்று, எழுந்திரு சோம்பேறி என்று உரக்கச் சொல்வான். அவர் மகிழ்வார்.

ஜிம்பா சும்மா இருக்கவில்லை. புகழுரையைச் சிறு புத்தகமாக அச்சடித்தார். எதிர்ப்பக்கத்தில் பொழிப்புரை வேண்டுமே, அதை யோபேவிடம் கேட்காமல் தானே எழுதினார். 'ஹம்பா பன்சி', அதாவது 'கீழே போ' என்பதற்கு, 'ஆற்றைப் பிளந்த சிங்கமே, பகைவரின் நெஞ்சில் கால் வை' என்று போட்டார். புத்தகம் பள்ளிக்குப் போனது. காலை வணக்கக் கூட்டத்தில் முந்நூறு பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்று அதைப் பாடினார்கள்.

பன்னிரண்டாம் வருடம் ஒரு கடிதம் வந்தது. நத்தாலிலிருந்து, அதாவது ஸ்வாங்கெண்டாபா புறப்பட்ட மண்ணிலிருந்து, ஜுலுப் பெரியவர்கள் ஆறு பேர் ஆகஸ்ட் விழாவுக்கு வருகிறார்கள். பிரிந்த சொந்தங்களைப் பார்க்க ஆவல். சொந்தங்கள் இன்னமும் பழைய மொழியைக் காப்பாற்றி வருவதாகச் செயலாளர் எழுதியதைப் படித்து நெகிழ்ந்தார்களாம்.

யோபேவுக்கு அன்று சீமா இறங்கவில்லை. நெஞ்சுக்கறி போனால் போகட்டும். ஊர் முழுக்கச் சிரிக்கும், அதையும் தாங்கலாம். ஆனால் முந்நூறு பிள்ளைகள் அந்த ஆறு பேரின் முகத்துக்கு நேரே நின்று கழுதை என்பார்களே! மறுநாளே ஜிம்பா வீட்டுக்குப் போனான். ஒன்று விடாமல் சொன்னான்: குழி, மேஸ்திரி, மண்வெட்டி, தொப்பி.

ஜிம்பா பொறுமையாகக் கேட்டார். தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

"ஷோங்கா, நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"நாலாவதுங்க."

"அதான். மொழியோட மேல்தோல் மட்டும் உனக்குத் தெரியும். உள்ளே இருக்கறது உனக்குத் தெரியாது. அந்த வெள்ளைக்காரன் உங்களை வைஞ்சானே, அவன் அதை யார்கிட்ட கத்துக்கிட்டான்? நம்ம ஆளுங்ககிட்ட! நம்ம முன்னோர் படை நடத்தின கட்டளை அது. அவன் திருடிக்கிட்டான். நீ மீட்டுக்கிட்டு வந்திருக்கே."

"ஐயா, அது மண்வெட்டிங்க."

"உனக்கு மண்வெட்டி. எனக்கு ஈட்டி." அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "புத்தகம் ஆயிரம் அடிச்சாச்சு ஷோங்கா. போய் இறகைச் சுத்தம் பண்ணி வை."

விழா நாள் வந்தது. பட்டிக்கு முன்னால் பந்தல். விருந்தினர் ஆறு பேரும் முன்வரிசையில், பக்கத்தில் இன்கோசி. விருந்தினர்களின் தலைவர் கேஸ்வா என்பவர், எழுபது வயது, தோளில் தோல், கையில் யானைவால் சாமரம், அசையாத முகம். ஜிம்பா மைக்கில் வரவேற்றார். முன்னோர் மொழியில் நம் செல்வங்கள் முழங்குவார்கள் என்றார்.

முந்நூறு தொண்டைகள் திறந்தன. எழுந்திரு சோம்பேறி!

கேஸ்வா எழுந்தார்.

விறைப்பாக, கைகள் இரண்டும் பக்கவாட்டில், மோவாய் நெஞ்சில் பட, இமைக்காமல் நின்றார். சாமரம் கீழே விழுந்தது. மற்ற ஐந்து பேரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். ஊர் அதைப் பார்த்தது. ஜுலுப் பெரியவரே எழுந்து நிற்கிறார், நம் மொழிக்கு! குலவை வானத்தைக் கிழித்தது. ஜிம்பா தேம்பி அழுதார். அவர் ஏன் எழுந்தார் என்று தெரிந்தவர்கள் அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களின் கால்களும் தாமாக நேராகியிருந்தன.

நடனங்கள் தொடங்கியபோது கேஸ்வா பந்தலை விட்டு மெதுவாக நடந்து பட்டிக்குப் பின்னால் வந்தார். யோபே அங்கே ஒளிந்துகொண்டிருந்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு மொழிதான். அதில்தான் பேச வேண்டியிருந்தது.

"நீதானா அது?"

"நான்தாங்க."

"எந்தக் குழி?"

யோபே சொன்னான்.

"நான் அதுக்கு அடுத்தது. பத்தொன்பது வருஷம்." கிழவர் பட்டியின் கழியைப் பிடித்துக்கொண்டார். "வெளிய வந்து இருபது வருஷம் ஆச்சு. இனிமே எந்தச் சத்தத்துக்கும் எந்திரிக்க மாட்டேன்னு நெனச்சேன். இன்னைக்கு எம் மருமகன் முன்னாடி, எங்க ஆளுங்க முன்னாடி, காலு தானா எந்திரிச்சிடுச்சு. அவங்க அஞ்சு பேரும் வாத்தியாருங்க, குழியில எறங்கினதில்ல, இந்த ஒடஞ்ச மொழி காதுல விழுந்ததில்ல. மரியாதைன்னு நெனச்சுக்கிட்டாங்க."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"என்னை விடு. உங்க புள்ளைங்களுக்கு நல்ல குரல். அந்தக் குரல்ல இதைக் கேக்கறதுக்கா அவ்வளவு தூரம் வந்தேன்?" திரும்பி நடந்தவர் நின்றார். "நான் சொல்ல மாட்டேன். விருந்தாளி. உங்க வீட்டுக் குப்பையை நான் கூட்டக் கூடாது."

பிற்பகல் யோபேவின் முறை. தோல், இறகு எல்லாம் அணிந்து இன்கோசியின் முன்னால் வந்து நின்றான். வழக்கம்போல மூச்சை இழுத்தான். பிறகு தும்புகாவில், எல்லாருக்கும் புரிகிற சோற்று மொழியில், முழங்கினான்.

"எழுந்திரு, சோம்பேறி! சீக்கிரம், சீக்கிரம்! கீழே போ! பத்து மணி வரைக்கும் என்ன தூக்கம்? மண்வெட்டியைப் பிடி! மேலே கல்லைப் பாரு! தலையில தொப்பி எங்கே, கழுதை? நேத்தும் குடிச்சியா? உன்னைத் தின்னவைக்கவா நாங்க இருக்கோம்?"

பத்து மணியும், கம்பெனி இருந்த இடத்தில் 'நாங்க'வும் மட்டும் அவன் சேர்த்தது. வாய் தானாகப் போய்விட்டது.

"இதுதாங்க நான் பன்னெண்டு வருஷமா பாடினது," என்றான். "சுரங்கத்துல எங்களை வைஞ்சது. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நியாஹரா. அவளைத் தொட்டு அடுத்தவள். "குழாய்க் கைப்பிடியையும் கேளு ஷோங்கா!" என்று ஒருத்தி கத்தினாள். "பாலத்தை விட்டுட்டியே!" என்றாள் இன்னொருத்தி. பந்தல் குலுங்கியது. ஜெசாயா கவுசியும் சிரித்தான். அவன் செய்த பிழை, யோபே முழங்கியபோதே ஒவ்வொரு வரியையும் யோபேவுக்கு முன்பே முணுமுணுத்தது. அவன் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஸ்டோர்ல மண்வெட்டிதான் வித்தாங்களா?"

இன்கோசி மவெலா சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடத் தலையசைப்பும் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. ஜிம்பா பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். புகழ்பாடிக்குக் காய்ச்சல் என்று அறிவித்தார்.

அடுத்த வாரம் குழு கூடியது. இன்கோசியை இழித்துப் பேசியதற்காக யோபே ஷோங்கா நீக்கப்பட்டான். இது எல்லாரும் எதிர்பார்த்ததே. புகழுரையை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஜிம்பா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "ஜுலுப் பெரியவர் எழுந்து நின்ன உரை அது. படம் இருக்கு. ஒரு நாலாங்கிளாஸ்காரன் தப்பா அர்த்தம் சொன்னதுக்காக முன்னோர் சொத்தைத் தூக்கிப் போடறதா? உரை இருக்கும். அர்த்தம் சொல்றதுக்குத்தான் தடை." கைகள் உயர்ந்தன. குழுவில் இருந்த கவுசியின் கைதான் முதலில் உயர்ந்தது. வீட்டில் அவனுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை.

புதிய புகழ்பாடியாக ஜிம்பாவின் மைத்துனன் விக்டர் மகாமோ வந்தான். நல்ல உயரம், நல்ல தோள். சுரங்கம் எந்தத் திசை என்று தெரியாது. எனவே உச்சரிப்பில் கறை இல்லை என்றார் ஜிம்பா.

மறுவருட விழாவில் யோபே பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில், நியாஹராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சுக்கறி இல்லை, கலயம் இல்லை. "யெவோ" சொல்லவும் ஆளில்லை. வரவே வேண்டாம் என்றுதான் இருந்தான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மகாமோ முழங்கினான். புத்தகத்தை நெட்டுருப் போட்டிருந்தான். நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டான். யாருக்கும் தெரியவில்லை. அவன் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போனான்.

"பசோபா!" என்று கத்திக்கொண்டு எழுந்தான் யோபே. "பசோபா லோ டிலி!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. மகாமோ வாயைத் திறந்தபடி நின்றான். ஜிம்பாவின் கண்ணாடி யோபேவைத் தேடியது. நியாஹரா கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க! பொய்யின்னு நீங்கதானே ஊரைக் கூட்டிச் சொன்னீங்க? அப்புறம் அதுல ஒரு வரி கொறஞ்சா உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அது மேலே கல்லைப் பாருங்கற வரிடி," என்றான் யோபே. "செங்கழுத்தன் குடிச்சிட்டு வந்த அன்னிக்கு அதை விட்டுட்டான். கல்லு விழுந்து மூணு பேரு போயிட்டாங்க. எதை வேணா விடட்டும், அதை விடக் கூடாது."

நியாஹராவின் கை கோட்டை விட்டது. முன்னால் மகாமோ, ஜிம்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, விட்ட வரியைச் சொன்னான்.